மூக்கில் வைக்காத ஈயம்

மேலப்பாளையம்
18 டிசம்பர் 2024

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நானும் சுகம். போனில் பேசினால் உங்கள் ரூம் ஆள்கள் அத்தனை பேர் காதிலும் விழும் என்று வெறும் "ம்" கொட்டியே வைத்துவிடுகிறீர்கள். அதனால் வியாபாரத்துக்காக ஊருக்கும் ஷார்ஜாவுக்குமாகப் போய்வரும் மைதீன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வார மழையில் பாளையங்கால்வாய் நிறைந்து தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அரிசியைத் தூக்குவதா, கட்டிலுக்கடியில் நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் பொம்மை விமானப் பெட்டிகளைத் தூக்குவதா என்று திகைத்து நின்றேன். "மொதல்ல அரிசியத் தூக்கு புள்ள, பிளேனு மெதந்துக்கிடும்" என்றார் மாமி. அப்படியும் பெட்டிகளைத்தான் முதலில் தூக்கினேன். பாதி அரிசி போச்சு.

ஒரு பெட்டி மட்டும் நனைந்துவிட்டது. இரண்டு பேர் உட்காரும் போர் விமானம். ஊரோடு வந்த பிறகு செய்வேன் என்று நீங்கள் பிரிக்காமல் வைத்திருந்ததை நான் பிரித்துவிட்டேன். பாகங்களைச் சுளகில் பரப்பிக் காயவைத்தபோது, நீங்கள் தனியாக வாங்கிப் போட்டிருந்த, கெட்டிப் பிசினில் வார்த்த ரெசின் பாகங்களின் பொட்டலமும் கிடைத்தது. பெட்டியோடு வந்த சீட் வெறும் பலகை. ரெசின் சீட்டில் பெல்ட்டும் பக்கிளும் மெத்தையின் சுருக்கமும்கூடத் தெரிகின்றன. ஆசை தாங்காமல் பெட்டிக்குள் இருந்த பசையை வைத்து ஒட்டிப் பார்த்தேன். காலையில் தொட்டதும் கழன்று விழுந்தது. என்ன தப்பு செய்தேன்? திட்டாமல் எழுதுங்கள்.

மாடி கட்டி முடிந்ததும் வந்துவிடுவேன் என்றீர்கள். மாடிக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

உங்கள்
தஸ்மியா


ஷார்ஜா
20 ஜனவரி 2025

தஸ்மிக்கு,

வ அலைக்கும் ஸலாம். திட்டவா? உன் கடிதத்தை பாத்ரூமில் வைத்து மூன்று தடவை படித்தேன். இந்த ரூமில் தனியாக இருக்க வேறு இடம் கிடையாது.

அந்தப் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும். ரெசின் இளகாது. நொடியில் பிடிக்கிற பசை நம் சந்தைமுக்குக் கடையில் கிடைக்கும், அதை வாங்கு. ரெசின் பாகத்துக்கு அடியில் கட்டியாக ஒரு துண்டு இருக்கும், அதை நைசான வாளால் அறுத்து எடு. தேய்க்கும்போது தண்ணீருக்குள் வைத்துத் தேய், தூள் நெஞ்சுக்கு ஆகாது. சீட்டு இருக்கிற காக்பிட் அறை உள்ளே போக மறுத்தால் விமானத்தின் உட்சுவரைப் பையப் பையச் சுரண்டு. ரெசினைச் சுரண்டாதே.

இங்கே எனக்கு மேல் கட்டில். பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் கீழே படுத்திருப்பவருக்கு இருமல் வருகிறது. அதனால்தான் லீவு நாளில் கடைக்குப் போய் வாங்கி மட்டும் வைக்கிறேன். அந்தக் கடையில் நிற்கும்போதுதான் நான் எனக்கே ஒரு ஆளாகத் தெரிகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காக்பிட்டை முடி, பெயிண்ட் அடி. விமானத்தின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிவிடாதே. மூடிவிட்டால் உள்ளே எதையும் வைக்க முடியாது. அதை நாம் இரண்டு பேருமாகச் செய்வோம். பெருநாளுக்கு வருகிறேன்.

ஜீஷான்


மேலப்பாளையம்
5 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்தது.

இரண்டு பாதியையும் ரப்பர் பேண்ட் போட்டுப் பிடித்து, மேசையில் தயாராக வைத்திருந்தேன். சீட் பெல்ட்டுக்குத் தீக்குச்சி முனையால் பெயிண்ட் வைத்தேன். ஒரு கோடு பிசகவில்லை, பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். பெருநாளன்று காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. வட்டிலப்பத் தட்டு வைத்திருந்த கையோடு ஓடினேன். மைதீன் அண்ணன் இறங்கினார். "லீவு கிடைக்கலியாம் தங்கச்சி, இதக் கொடுக்கச் சொன்னான்" என்று இன்னொரு பொட்டலத்தை நீட்டினார். விமானத்தின் பின்னால் வைக்கிற ரெசின் புகைக்குழாய்.

பக்கத்து வீட்டு ஆபிதா பீவி, "ஒம் மாப்பிள வந்தாச்சா?" என்று மதில் மேலாகக் கேட்டார். தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மத்தியானம் வரை மாமியும் நானும் சத்தம் போடாமல் நடந்தோம்.

எப்போது வருவீர்கள்? தேதி சொல்லுங்கள்.

உங்கள்
தஸ்மியா


ஷார்ஜா
11 மே 2025

தஸ்மி,

கோபப்படாதே. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். உன்னிடம் கேட்க நேரமில்லை என்று எழுதப் பார்த்தேன். நேரம் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. ஊரில் வந்து என்ன வேலை பார்ப்பேன் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

புகைக்குழாய் கனமாக இருக்கும், நேராகப் பார்த்து ஒட்டு. பாதிகளை மட்டும் மூடாதே. எனக்காக.

ஜீஷான்


மேலப்பாளையம்
14 ஜூன் 2025

மச்சானுக்கு,

ஸலாம். மூடிவிட்டேன்.

அக்னி வெயிலில் ரப்பர் பேண்ட் இற்றுப்போய், ஒரு மத்தியானம் அறுந்தது. இரண்டு பாதியும் மேசையில் வாய் பிளந்து கிடந்தன. வேறு ரப்பர் பேண்ட் எடுக்கத்தான் எழுந்தேன். கை பசையை எடுத்தது. இரண்டு வருஷம் இப்படியே கட்டி வைத்திருக்க என்னால் முடியாது மச்சான். பிறகு புகைக்குழாயும் சக்கரமும் ஒட்டினேன். இறக்கை நேராகத்தான் இருக்கிறது.

தஸ்மியா


ஷார்ஜா
9 ஜூலை 2025

தஸ்மி,

மூக்குக்குள் ஈயம் வைத்தாயா? ரெசின் குழாய் பின்பக்கத்தைக் கனமாக்கிவிடும். மூடுவதற்கு முன்னால் மூக்கில் ஈயக்குண்டு வைக்காவிட்டால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். கூடவே இருந்து வைப்போம் என்றுதான் உனக்கு எழுதாமல் விட்டேன். தப்பு என்னுடையது. உடைத்துவிடாதே. இரண்டு வருஷத்தில் வந்து, ஒட்டின கோட்டிலேயே பையக் கீறித் திறக்கிறேன். அதுவரைக்கும் பொறு. மைதீன் அண்ணனிடம் ஒரு புதுப் பெட்டி கொடுத்திருக்கிறேன்.

உன்
ஜீஷான்


மேலப்பாளையம்
16 ஆகஸ்ட் 2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சக்கரம் ஒட்டி நிறுத்திய அன்றைக்கே அது வாலில் உட்கார்ந்துவிட்டது. நான்தான் எதையோ கோணலாக ஒட்டிவிட்டேன் என்று இத்தனை நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன். ஒரு வரி முதலிலேயே எழுதியிருந்தால் வைத்திருப்பேனே.

கீறித் திறக்க வேண்டாம். முதல் லீவில் நீங்கள் கொண்டுவந்த அத்தர் குப்பி காலியாகக் கிடந்தது. வாலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். இப்போது நேராக நிற்கிறது. "நல்லாத்தான் செஞ்சிருக்கே புள்ள, ஆனா ரெண்டு சீட்டும் சும்மா கெடக்கே" என்றார் மாமி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான்.

புதுப் பெட்டியை மைதீன் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிப் பெட்டி அனுப்ப வேண்டாம். வருவதானால் கையை வீசிக்கொண்டு வாருங்கள், வேலையை இங்கே வந்து தேடுவோம். வரப்போவதில்லை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பழைய பெட்டிகள் கட்டிலுக்கடியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஐப்பசி வருகிறது. இந்தத் தடவை தண்ணீர் வந்தால் முதலில் அரிசியைத்தான் தூக்குவேன்.

தஸ்மியா