ஐந்தாவது ஆட்டத்தில் நான் ஓடியது

அன்பானவளுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

சிரிக்க ஒரு விஷயம். ஊர் ஊராகப் போய் ஆடும் கூடைப்பந்துச் சிறுமிகளுக்கு நான் வேன் ஓட்டுகிறேன் அல்லவா? அணி தொடங்கி இரண்டு மாதம். நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தன்று பயிற்சியாளருக்குக் காய்ச்சல். பெரியவர் ஒருவர் இல்லாவிட்டால் ஆடவிடமாட்டார்களாம். பயிற்சியாளர் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். குள்ளச்சி என்று நாங்கள் கூப்பிடும் பிள்ளை, "அப்பா!" என்று அலறிக்கொண்டு விழுந்தாள். என்னையறியாமல் களத்துக்குள் ஓடிவிட்டேன். கேட்காமல் உள்ளே வந்ததற்காக நடுவர் எதிரணிக்கு யாரும் தடுக்காமல் கூடையில் எறிய ஒரு வாய்ப்பு கொடுத்தார்; பந்து உள்ளே விழுந்தது. அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

வேனில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குள்ளச்சிதான் சமாதானம் சொன்னாள்: "விடுங்க அங்கிள். ஷூ பெருசு, அதான் தடுக்கிடுச்சு. அப்பா வெளியூர்ல இருக்காரு, அளவு தெரியாம வாங்கி அனுப்பிட்டாரு."

வேன் கழுவ நேரமாகிவிட்டது. போன மாதம் நான் அனுப்பிய ஷூ நம் பாப்பாவுக்குச் சரியாக இருந்ததா? நீ எழுதவே இல்லை. அவள் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. அதுவரை அதைப் போட்டுக்கொண்டு ஓடவிடாதே.

உன்னவன்