தேவசகாயத்தின் மாரடைப்பு

வடமுனைப் பனிக்கிணறு, செவ்வாய்க் கோள்.
பதிவு செய்பவர்: மங்கையர்க்கரசி, நீர்ப் பொறியாளர். வயது ஐம்பத்திரண்டு. இங்கே இருப்பது நான் ஒருத்திதான்.

நாள் 141, 07:20
இரண்டாம் பம்பு ஓடுகிறது. முதல் பம்பின் வடிகட்டியில் அடைப்பு. கழற்றித் துடைத்து மாட்டினேன். தலைமை நிலையத்துக்குத் தண்ணீர் வழக்கம்போல் போகிறது. நன்றி வழக்கம்போல் வரவில்லை. ஏணி ஏறும்போது மூச்சு வாங்கியது. தாடையில் வலி. பல்லாக இருக்கலாம்.

நாள் 143, 13:05
பல் இல்லை. வலி இப்போது முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே. குமட்டல். பாத்திரம் கழுவினாலே படுக்கத் தோன்றுகிற அளவுக்கு அசதி.

பரிகாரியிடம் சொன்னேன். சுவரில் பதித்திருக்கும் மருத்துவ இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கையில் கட்டிய பட்டையைப் பார்த்து ஆளை அறியும், சோதிக்கும், தானாக மனம் வைத்தால் மருந்துப் பெட்டியைத் திறக்கும். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தது. பதில்:

"மங்கையர்க்கரசி, உங்களுக்கு மனச்சோர்வு உள்ளது. இவை பதற்றத்தால் வரும் உணர்வுகள். கண்களை மூடி மெதுவாக மூச்சை இழுங்கள்."

இழுத்தேன். வலி போகவில்லை, கோபம்தான் வந்தது.

இதை யார் படித்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா நிலையங்களிலும் பரிகாரி உண்டு; மனநிலை எப்படி என்று மாதந்தோறும் எல்லோரையும் கேட்கும். தலைமை நிலையத்து ஆண்கள் அத்தனை பேரும் "நலம்" என்று சொல்லிவிட்டுச் சீட்டாடப் போவார்கள். நான் ஒருத்திதான் உண்மையைச் சொன்னேன். காலையில் எழ மனமில்லை, எதுவும் ருசிக்கவில்லை, காரணமும் இல்லை என்றேன். அன்றிலிருந்து எனக்குக் காலில் முள் குத்தினாலும் மனச்சோர்வுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நாள் 144, 09:40
தலைமை நிலையத்தை அழைத்து மீட்பு வண்டி கேட்டேன். ஆளில்லாமலே ஓடும் வண்டி. ஏழு மணி நேரப் பயணம். நிலையத் தலைவர் கங்காதரன் பேசினார்:

"மேடம், பரிகாரி சிவப்புக் குறி போட்டாத்தான் வண்டி அனுப்ப முடியும். இருக்கிறது ஒரே வண்டி. உங்களுக்குத் தனியா இருந்து இருந்து மனசு கொஞ்சம் டல்லாயிருச்சு, அவ்வளவுதான். ரெஸ்ட் எடுங்க. பாட்டு கேளுங்க."

பாட்டு கேட்கவேண்டுமாம்.

நாள் 144, 11:15
குளிர் அறையில் வியர்த்துக் கொட்டுகிறது. இடது கை மரத்துவிட்டது.

மனச்சோர்வு வந்த பெண்ணுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல். பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் தாடையிலும் முதுகிலும் குமட்டலிலும்தான் தலைகாட்டும். நான் பம்பு மெக்கானிக், எனக்கே தெரிகிறது. என் சோர்வைக் கண்டதும் என் இதயத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்த்திருக்கவேண்டும். இந்தத் தகரடப்பாவும் அந்த ஆளும் அந்தச் சோர்வையே இதயத்தைப் பார்க்காமலிருக்கச் சாக்காக வைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் எழ மனமில்லாதவள்தான் நான். ஆனால் சாக எனக்கு மனமில்லை. இரண்டும் வேறு வேறு.

நாள் 144, 11:50
எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த தேவசகாயம் தன் பழைய கைப்பட்டையைக் குளியலறையில் விட்டுப் போயிருக்கிறான். நாகர்கோவில்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன். இப்போது தலைமை நிலையத்தில் இருக்கிறான். என் பட்டையைக் கழற்றிவிட்டு அவனுடையதை மாட்டிக்கொண்டேன். கம்பிகளை அதே இடங்களில் ஒட்டினேன். வலியை அதே வார்த்தைகளில் சொன்னேன்.

"தேவசகாயம், இது மாரடைப்பு. மருந்துப் பெட்டி திறக்கிறது. ஆஸ்பிரினை உடனே மென்று விழுங்குங்கள். சிவப்புக் குறி போடப்பட்டது. வண்டி புறப்பட்டுவிட்டது. தைரியமாக இருங்கள், நீங்கள் தனியாக இல்லை."

சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கிறது. அதே நெஞ்சு, அதே கோடு. எனக்கு மூச்சுப் பயிற்சி, அவனுக்கு வண்டி. மாத்திரையை மென்றேன். கசப்பு.

நாள் 144, 12:40
தேவசகாயம் அழைத்தான்:

"யக்கா, இதென்ன கூத்து? எனக்கு மாரடைப்புன்னு இங்க மணி கிடந்து அடிக்குது. நான் சோத்துல கைய வச்சிருக்கேன்!"

விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ யக்கா... சார் வந்து கேட்டாரு. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டேனே. இருங்க, ஓடிப்போய்ச் சொல்லுதேன்."

நாள் 144, 13:00
கங்காதரன்:

"மேடம், அடுத்தவர் பட்டைய மாட்டிக்கிட்டு அலாரம் அடிக்கிறது குற்றம். உங்க நிலைமை தெரியும், அதனால மேல ரிப்போர்ட் பண்ணல. அந்தப் பட்டைய முடக்கியாச்சு, வண்டியத் திரும்பக் கூப்பிட்டாச்சு. உங்க பட்டையப் போடுங்க, பரிகாரி தூக்க மருந்து குடுக்கும்."

பின்னால் தேவசகாயத்தின் குரல்:

"சார், அக்கா பொய் சொல்லமாட்டாவ சார்! வண்டிய நிறுத்தாதீங்க!"

"நீ போய் உன் வேலையப் பாருப்பா."

திரையில் வண்டிப் புள்ளி தெற்கே திரும்பிவிட்டது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். என் பட்டையை மாட்டினேன். பெட்டி உடனே திறந்தது. தூக்க மருந்து. தொடவில்லை.

நாள் 144, 13:35
அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து போய் முதன்மை வால்வை மூடினேன். கைப்பிடியைச் சுற்ற வெகுநேரம் பிடித்தது. இரண்டு பம்புகளையும் நிறுத்தினேன். இங்கேயிருந்துதான் அங்கே நாற்பது பேர் குடிக்கிறார்கள். குடிக்கட்டும் பார்க்கலாம்.

நாள் 144, 13:50
கங்காதரன். முதல்முறையாக அந்த ஆள் குரலில் பதறல்:

"மேடம்! தண்ணி வரல! பம்புக்கு என்ன ஆச்சு? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

பதில் சொல்லவில்லை. மூச்சை வீணாக்க இஷ்டமில்லை.

நாள் 144, 14:05
புள்ளி வடக்கே திரும்பிவிட்டது. மெக்கானிக்கை ஏற்ற நேரமில்லையாம், வண்டியின் இயந்திரக் கைகளே பழுது பார்க்குமாம், அப்படியே வருகிறது. வண்டி எனக்கு இல்லை. பம்புக்கு.

வரட்டும். வந்தால் ஏறிக்கொள்வேன். பம்பின் பெயரிலாவது.

நாள் 144, 15:
கை ஓடவில்லை. தேவசகாயம் மேல் தப்பில்லை. சொல்லுங்க அவனிடம். நான் இருக்க விரும்பினேன். இதை எழுதிவையுங்க, அவள் இருக்க விரும்பி

நாள் 144, 15:52 — பரிகாரி, தானியங்கிப் பதிவு
நோயாளி: மங்கையர்க்கரசி. வியர்வை இல்லை. அசைவு இல்லை. நாடி வேகம் உயரவில்லை. பதற்றம் முழுவதும் தணிந்துள்ளது. மருத்துவ உதவி தேவையில்லை.
பம்பு: பழுது. அவசரம், சிவப்பு. வண்டி வந்துகொண்டிருக்கிறது.