ஆரணி இப்போது மணி அடிக்கிறாள்

எனக்கு எல்லாவற்றிலும் முந்திக்கொள்ளும் என் அன்பு அக்காவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. உன் மகள் நடனத்தை விட்டுவிட்டாள். அரங்கேற்றம் இல்லை. சனிக்கிழமைகளில் இப்போது ஒரு சேர்ச்சில் மணி அடிக்கிறாள். ஓம், சேர்ச்சில்தான். தலையில் கை வைக்காமல் மிச்சத்தையும் கேள்.

நீ போன பிறகு சில மாதங்கள் அத்தான்தான் அவளை வகுப்புக்குக் கூட்டிப்போனார். மோர்டனிலிருந்து கிங்ஸ்பரிக்கு, அந்தச் சனிக்கிழமை லண்டன் ட்ராபிக்கில், நீ எப்படித்தான் அத்தனை வருடம் ஓட்டினாயோ! அத்தான் வகுப்புக்குள் போகமாட்டார். காருக்குள்ளேயே இருந்து ரேடியோ கேட்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பிள்ளை சொன்னாளாம்: "அப்பா, எனக்கு இனி ஏலாது. ஆடேக்க, அம்மா இருந்து பாக்கிற கதிரையைத்தான் பாக்கிறன். அதில வேற ஆரோ இருக்கினம்."

அன்றே அத்தான் எனக்கு ஃபோன் எடுத்தார். "தம்பி, அவ ஆசைப்பட்டுச் சொல்லிவைச்ச அரங்கேற்றம். அடுத்த சமர் லீவுக்கு ஹோலும் புக் பண்ணியாச்சு. நான் என்னெண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது?" என்றார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நீ அந்த மண்டபத்தைப் பற்றித்தானே பேசினாய்? மேடையில் எந்த நிறத் திரை, யார் விளக்கேற்றுவது, எல்லாம் சொன்னாய்.

அதனால் அவர் மண்டபத்தையும் விடவில்லை, பிள்ளையை ஆடச் சொல்லவுமில்லை. ஆரணி சனிக்கிழமை முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனோடு கிடந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை அப்படிக் கிடப்பது எனக்குப் பயமாக இருந்தது அக்கா. அவள் சிரித்துப் பார்த்துக் கனகாலம் ஆகியிருந்தது.

தாய்மாமன் நான் எதற்கு இருக்கிறேன்? வேலையில் சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்குத் தேடக் கிளம்பினேன். பேட்மின்டனுக்குக் கூட்டிப்போனேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான், அவள் பெஞ்சில் இருந்து பார்த்தாள். கேக் செய்வோம் என்றேன், புகை அலாரம் அடித்துப் பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்துவிட்டாள். கீபோர்ட் வகுப்பில் சேர்க்க விசாரித்தேன். விசாரித்த அன்றே குட்மேய்ஸில் இருக்கிற நம் சின்னம்மா, "எத்தனையாம் கிரேட் மட்டும் செய்வாள்?" என்று கேட்டுவிட்டா. பிள்ளை கீபோர்டைத் தொடவே இல்லை. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. பிள்ளை எதைக் கையில் எடுத்தாலும் முதல்நாளே அதற்கு ஒரு சோதனையும் மேடையும் பிரதம விருந்தினரும் வைத்துப் பார்ப்போம். நானும் அப்படித்தான்.

கடைசியில் அவளே தேடிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உள்ள சேர்ச் வாசலில் மணி அடிக்கப் பழக ஆட்கள் தேவை என்று ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்ததாம். "மாமா, ஜஸ்ட் ட்ரை பண்ணிப் பாக்கட்டோ? அப்பாட்ட நீங்கள் கேளுங்கோ" என்றாள்.

நான் கேட்டேன். அத்தான் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "அரங்கேற்றத்தை விட்டுட்டு வேதக்காரற்ற சேர்ச் மணியோ? பிள்ளையை வேதத்துக்கு மாத்திப்போடுவினமோ தெரியாது. நீயும் கூடப் போ" என்றார். ஆக, நான் உளவாளியாகப் போனேன்.

கோபுரத்துக்குள் சுழன்று சுழன்று போகிற குறுகிய கல்படி. என் முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின. மேலே ஒரு சின்ன அறை. கூரையிலிருந்து கயிறுகள் தொங்குகின்றன, ஆட்கள் வட்டமாக நிற்கிறார்கள். மணிகளைக் காணவே இல்லை, அவை இன்னும் ஒரு தட்டு மேலே. பழக்குகிற ஹெலன் தபால் வேலை செய்கிறவ, என் வயதுதான் இருக்கும். நான் வழக்கம்போலக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். உடனே ஓடிவந்து இரண்டு காலையும் தரையில் வைக்கச் சொன்னா. அசட்டையாகக் காலை நீட்டிக் கயிற்றில் மாட்டினால் கயிறு ஆளையே தூக்கிவிடுமாம். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடப் பிள்ளை போல இருந்தேன்.

மதம் மாற்றுவார்களா என்று நேரே கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். ஹெலன் சிரித்தா. தான் பூசைக்கே போவதில்லை, மணி அடிக்க மட்டும்தான் வருவதாகச் சொன்னா. சரி, பிள்ளையின் நிகழ்ச்சி எப்போது என்று அடுத்ததாகக் கேட்டேன். "எங்களை ஒருவரும் பார்ப்பதில்லையே" என்றா. எனக்கு அது விளங்கவில்லை.

ஒவ்வொரு மணியும் ஒரு சின்னக் கார் அளவு பாரம் அக்கா. பலத்தால் இழுக்க முடியாது. இழுக்க ஒரு நேரம், விட ஒரு நேரம். வாரக்கணக்காக ஆரணி அந்த ஒரே இழுவையைத்தான் பழகினாள். உள்ளங்கை கொப்புளித்தது. நிறுத்துவாள் என்று நினைத்தேன். ஒருநாள் படியில் இறங்கும்போது, "மாமா, இண்டைக்குக் கயிறு நான் சொன்னதைக் கேட்டது!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். முதுகு நொந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி நான் செய்த கூத்து. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் முதல் தடவையாக மற்றவர்களோடு சேர்ந்து அடிக்கப் போகிறாள் என்று சின்னம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். "முதல் தடவை" என்ற சொல் நம் ஆட்களுக்குப் போதாதா? ஞாயிறு காலை சேர்ச் வளவு நிறையப் பட்டுச்சேலை. சின்னம்மா பெட்டி நிறைய வடையும், ஹெலனுக்குப் போர்த்தப் பொன்னாடையும் கொண்டுவந்திருந்தா. அரங்கேற்றங்களுக்கு வீடியோ எடுக்கிற பொடியனையும் கூட்டிவந்திருந்தா. தூறலில் அவன் கமராவைக் கோபுரத்துக்கு நேரே நிறுத்திவிட்டு, "அண்ணை, பிள்ளை எதால வருவா?" என்று என்னைக் கேட்டான்.

எங்கே வருவது? மணி அடிக்கத் தொடங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை. "டேய், எங்கட பிள்ளையின்ர மணி எதடா?" என்று சின்னம்மா என் கையைப் பிடித்து உலுக்கினா. எனக்கும் தெரியவில்லை. இத்தனை பேரைக் கண்ட பாதிரியார் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். மழைக்கு நல்லது என்று சின்னம்மா வடைப்பெட்டியோடு உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டா.

அத்தான் மட்டும் போகவில்லை. குடை விரிக்காமல் மதிலோரம் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். மணி நின்று ஆரணி இறங்கி வந்தாள். வீடியோப் பொடியனைக் கண்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், உன் பார்வையேதான்! பிறகு தகப்பனிடம் போனாள்.

"அப்பா, நனைஞ்சுபோனீங்கள்."

"பிள்ளை, நீ அடிச்சது எது எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார் அத்தான். "மேடையெண்டால் பாத்திருப்பம். அம்மாவும் அதைத்தானே ஆசைப்பட்டவ."

ஆரணி அவர் நெற்றியில் வழிந்த மழைத்தண்ணீரைத் தன் சட்டைக்கையால் துடைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மேடையில நிண்டால் அம்மா எங்கை எண்டுதான் தேடுவன் அப்பா. மேல நிண்டு அடிக்கேக்க தேடத் தேவையில்லை. அவ எங்கை இருந்தாலும் கேக்கும்தானே."

அத்தான் அவளை அணைத்துக்கொண்டு அழுதார். நீ போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அடுத்தநாள் அவரே மண்டபத்துக்கு ஃபோன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பொன்னாடையை ஹெலன் கழுத்துத் துண்டாகக் கட்டிக்கொண்டு தபால் போடுகிறா, அது வேறு கதை.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். இருந்திருந்தால் என்னைத்தான் முதலில் கிழித்திருப்பாய். "அவளுக்கென்ன தெரியும், சின்னப் பிள்ளை" என்றிருப்பாய். நானும் தலையாட்டியிருப்பேன், சின்னனிலிருந்தே உன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. இப்போது தட்டுகிறேன். அவளைத் திரும்ப ஆடு என்று நான் சொல்லமாட்டேன், யாரையும் சொல்லவிடவும் மாட்டேன். மணியும் ஒருநாள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள் என்றால், ஏன் என்றும் கேட்கமாட்டேன். இது சத்தியம். சண்டை பிடிக்க வேண்டுமானால் என்னோடு பிடி அக்கா, அவளோடு வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்தில் உன் மகள் பக்கம் நிற்கிற,
உன் தம்பி ரவி