உனக்காகக் குடித்த தேநீர்

இன்று காலை கோழிக் குழம்புக்குத் தாளிக்கும்போது எண்ணெயில் கல்பாசியைப் போட்டேன். சூடு ஏறியதும் அதிலிருந்து ஒரு மணம் கிளம்புமே, ஈரப் பாறையும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்தாற்போல, அது மூக்கில் ஏறியதும் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டேன். கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், "என்ன, தனியாச் சிரிக்கிற?" என்று கேட்டார். "கல்பாசி" என்றேன். அவருக்கு அது போதும். "டீச்சர் ஞாபகமா?" என்று மட்டும் கேட்டார்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. குழம்பை இறக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்குடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு, நான் தமிழ். கூடப்படித்தவர்கள்கூட அத்தனை நாள் சேர்ந்து இருந்திருக்க மாட்டார்கள். உனக்கு அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போன பிறகும் மூக்குக்கு வாசம் திரும்பவில்லை. நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று இருந்தோம். மாதங்கள் போயின. மல்லிகைப்பூவை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நீ நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. சோறு, மீன்குழம்பு, பால்கோவா எல்லாம் உனக்கு ஒன்றாகிவிட்டன. "மண்ணத் திங்கிற மாதிரி இருக்குத்தா" என்றாய். சமையலை விட்டாய். கழுத்தெலும்பு தெரிய இளைத்துப்போனாய். ஊருக்கே விருந்து வைத்த கை உன் கை. அது சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மதுரை டாக்டர், விடாமல் எதையாவது முகர்ந்துகொண்டே இருங்கள், வந்தாலும் வரும் என்றாராம். அந்தச் சமயத்தில்தான் குன்னூரில் தேயிலைக் கம்பெனியில் வேலை பார்க்கும் உன் தம்பி விதவிதமான இலைத் தேயிலையைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்பினான். நீ அதைக் குடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டாய். "நாக்கப் பிடிக்குதுத்தா! துவர்ப்பு பிடிக்குது!" உன் குரலில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மணம் போனவர்களுக்கும் உப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாம் நாக்கில் மிஞ்சும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். உனக்கு மிச்சம் இருந்த உலகத்தில் அந்தத் துவர்ப்பு ஒன்றுதான் உன்னை உலுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் உன் வீட்டு அடுக்களைக்கு வரச்சொல்லி எனக்கு உத்தரவு போட்டாய். "துவர்ப்ப நான் பாத்துக்கிறேன். வாசத்த நீ பாத்துச் சொல்லு. ஒம்மூக்க எனக்குக் கடன் குடு" என்றாய். அதுவரை எனக்குத் தேநீர் என்றால் பாலும் சீனியும் போட்டுக் கொதிக்கவிட்ட பள்ளிக்கூடத்து டீ. முதல் நாள் நீ தந்த பச்சைத் தேயிலையைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றேன். உனக்கு வந்ததே கோபம்! "நல்லா இருக்குன்னா? தமிழ் டீச்சருக்கு வார்த்தைக்கா பஞ்சம்? நான் கண்ணு தெரியாதவ மாதிரி ஒக்காந்திருக்கேன், நீ நல்லா இருக்குங்கிற!" மறுபடி உறிஞ்சினேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். "முருங்கைக்கீரை அவிச்ச தண்ணி. அடியில பாசிப்பயறு" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். "ஆங், இப்பச் சொன்ன பாரு" என்றாய்.

கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றவிடுவாய். இன்றைக்குச் சூட்டைக் குறைத்தால் நேரத்தைத் தொடக்கூடாது. நேரத்தைக் கூட்டினால் இலையைத் தொடக்கூடாது. பச்சைத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கசப்பில் முகம் சுளிக்கும், கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றினால் இளநீரின் சாயல் வரும் என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். கேன் தண்ணீரில் சப்பென்று கிடந்த தேநீர், நம் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் போட்டதும் எழுந்து உட்கார்ந்தது. இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றிக் குடித்து எனக்கு மலைப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீருக்கு இத்தனை ருசி இருப்பதை ஒரு குன்னூர் இலை வந்து சொல்லவேண்டியிருந்தது. சத்தம் போட்டு உறிஞ்சினால்தான் மணம் மேலே ஏறும் என்பதால் நாம் உறிஞ்சிய உறிஞ்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு நாள் என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன டீச்சர், சுடுதண்ணியக் குடுத்து ஏமாத்துறீக?" என்றார். "அண்ணே, நீங்க பேசாம வெளிய நில்லுங்க. ஒங்க நாக்குக்கு இன்னும் வயசு பத்தாது" என்றாய்.

ஊலாங் என்று உன் தம்பி அனுப்பிய தேயிலை மிளகு மாதிரி உருண்டு கிடந்தது. கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றினோம். உருண்டை ஒவ்வொன்றாக நெகிழ்ந்து, திரும்பி, காம்போடு ஒரு முழு இலையாக விரிந்ததே! நாம் இரண்டு பேரும் டம்ளரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். கறுப்பு, பச்சை, இது, வெள்ளை எல்லாமே ஒரே செடியின் இலைதான், வாட்டுவதிலும் உருட்டுவதிலும்தான் வித்தியாசம் என்று உன் தம்பி போனில் சொன்னபோது, "ஒரே செடியா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டாய். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாய். அந்த ஊலாங்கில் முதலில் வறுத்த முந்திரியும் பிறகு மகிழம்பூவும் வருவதாக நான் சொன்னேன். "மகிழம்பூ" என்று நீ மெல்லத் திரும்பச் சொன்னாய். எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு சொல்லை வாங்கி இப்படி வாய்க்குள் வைத்துக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. உனக்கு ஒரு வாசமும் வரவில்லை. "வராது போலத்தா. இனிமே நீ சொல்றதுதான் எனக்கு வாசம்" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாய். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் வெள்ளைத் தேயிலை. விரியாத மொட்டு, மேலே வெள்ளி முடி, கிடைப்பதற்கரியது, பத்திரம் என்று உன் தம்பி எச்சரித்திருந்தான். நீயும் பத்திரமாகத்தான் ஒரு டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் போட்டு இறுக்கி மூடினாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் சிங்கம்புணரிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். நாம் இரண்டு பேர்தான். நீ ஊற்றினாய். நான் ஒரு வாய் உறிஞ்சினேன். எனக்குத் திக்கென்றது. கல்பாசி! டப்பா வருஷக்கணக்காகக் கல்பாசி இருந்த டப்பா. நம் ஊர் அடுக்களையில் மசாலா குடியிருந்த டப்பாவை எத்தனை தேய்த்தாலும் அது மசாலாவை மறக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மூக்கு வேண்டும், உன்னிடம் அது இல்லை. இதை எப்படி உன்னிடம் சொல்வது? வாயில் தேநீரை வைத்துக்கொண்டு முழுங்கவும் முடியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன். நீ உன் டம்ளரை எடுத்து உறிஞ்சினாய்.

"ஏத்தா," என்றாய். மறுபடி உறிஞ்சினாய். "இதுல என்னத்தா கல்பாசி வாசம் அடிக்குது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நீ டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாய். பிறகு வீடு முழுக்க ஓடினாய். சோப்பு, ஊறுகாய் ஜாடி, ஜெபமாலைப் பெட்டி, உன் வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட சட்டை, எதையும் விடவில்லை. "இங்குட்டு வாடி" என்று என்னை இழுத்து என் தலையை மோந்தாய். "என்ன எண்ணெய் தேய்க்கிற நீ, சிக்கு நாத்தம்!" என்று சொல்லிக்கொண்டே அழுதாய். அப்படி ஒரு ஏச்சை வாங்கி நான் அவ்வளவு ஆனந்தப்பட்டதில்லை. உன் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கோவிலில் திரை விலகும்போது வருமே, அந்தக் கூச்சம். கெட்டுப்போன அந்தத் தேயிலையில் ஒரு மொட்டைக்கூட நாம் வீணாக்கவில்லை. "தம்பிகிட்டச் சொல்லிராத, கொன்னே போட்டுருவான்" என்றாய்.

அடுத்த வாரம் ஊலாங்கைப் போட்டுக் குடித்துவிட்டு என்னைக் கேவலமாகப் பார்த்தாய். "ஒரு வருஷமா என்னய ஏமாத்திருக்க. இதுவா மகிழம்பூ? தாழம்பூடி இது!" அன்றைக்குப் போட்ட சண்டை ஓயவே இல்லை. ஒரே டம்ளரில் குடித்தும் ஆளுக்கொரு பூ பூத்தது.

பிறகு நீ மறுபடி சமைத்தாய், உடம்பு தேறினாய். ஒரு நாள் திடீரென்று உனக்கு நெஞ்சுவலி என்று சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாதா கோவிலில் உன் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். நான் உன் தலைமாட்டில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. குனிந்து உன் காதில் சொல்ல ஆரம்பித்தேன். சாம்பிராணி. சம்பங்கி மாலை, தண்ணி தெளிச்சு வாடாம வச்சிருக்காக. மெழுகுவத்தி உருகுது. பெட்டிக்குப் புது வார்னிஷ் அடிச்சிருக்காக. வெளிய மழை விழுந்திருக்கு, வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் மண்வாசம் வருது. ஒன்று முடிந்ததும் அடுத்தது, நிறுத்தத் தெரியவில்லை. நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் விலகி நின்றார்கள். பெட்டியை மூட வந்தவர்கள்கூட நான் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.