அழிப்பதாகச் சொன்ன குரல்

செம்மேடு, கொல்லிமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு அம்மா மெர்சி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான் சுகம், மழைக்கு முட்டி வலி மட்டும் வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகிறது. நீ அந்தப் பனியில் தொப்பி போடாமல் திரிவாய் என்று எனக்குத் தெரியும், போட்டுக்கொள். போனில் பேசினால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நிற்கும், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். காரவள்ளி ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்று, இப்போது மறுபடி ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பரிமளாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே அவள் மாமியார் மூக்கு, நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா வேலை பார்த்த, இப்போது நான் பார்க்கும் அந்த மழை பற்றியும் சாமை விளைச்சல் பற்றியுமான ஆய்வு இந்த மாதத்தோடு முடிகிறது. முடிக்கும் முன் தகவல்களை எப்படிக் காப்பது என்று ஆபீசில் எங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். ஆய்வின் நாமக்கல் ஆபீசிலிருந்து கலைச்செல்வி என்ற பெண் வந்து நடத்தினாள், உன் வயதுதான் இருக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கலாம் என்றுதான் நான் போனேன். அவள் பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, தகவலுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்றாள். எதைக் கேட்கப் போகிறோம் என்று முதலில் திட்டம் போடுகிறோமாம், பிறகு சேகரிக்கிறோம், பிழை பார்க்கிறோம், ஆராய்கிறோம், பத்திரப்படுத்துகிறோம், பிறருக்குக் கொடுக்கிறோம், அவர்கள் அதை வைத்துப் புதிதாக ஒன்று கேட்க மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதாம். எனக்குத் தூக்கம் போய் வாய் பிளந்துவிட்டது கண்ணு. இங்கே திண்ணனூர் நாட்டில் சாமை போடும் குப்பாயி தன் காட்டில் நின்று எந்த மாதம் மழை தவறியது என்று சொன்னதை, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை, இந்த மலையையே பார்க்காத பிள்ளை, என்றோ எடுத்துப் படிக்கலாமாம். இத்தனை நாள் அதையெல்லாம் வெறும் டைப் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று உடம்பு சிலிர்த்துப் போயிற்று. எல்லாமே அப்படிச் சுற்றக் கூடாது, சிலவற்றை அழித்துத்தான் ஆக வேண்டும், அழிப்பதும் காப்பதில் சேர்த்திதான் என்றும் சொன்னாள். அழிக்க வேண்டியதில் அப்பா எடுத்த குரல் பதிவுகளும் இருந்தன.

நீ போன வாரம் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவின் போன் தொலைந்ததோடு அவர் குரலும் போயிற்று, வீடு வீடாகப் போய் அவர் எடுத்த பதிவுகளில் மட்டும்தான் இருக்கிறது, அழிக்கும் முன் யாருக்கும் தெரியாமல் பென் டிரைவில் போட்டுக்கொள் என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அதே ஆசைதான், பென் டிரைவைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் இறந்தபின் அவர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுத்தை மட்டும்தான் சரிபார்த்தேன், குரலைக் கேட்கத் துணிவில்லை. வகுப்பின் கடைசி நாள், அழிக்கும் முன் பதிவையும் எழுத்தையும் ஒப்பிட வேண்டும் என்று குப்பாயியின் பதிவை என்னிடம் கொடுத்தார்கள். காதில் மாட்டினேன். உன் அப்பா பேசுகிறார் சாமி. சமவெளிக்காரர் இந்த ஊர் 'ங்க'வைக் கற்றுக்கொண்டு கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுவாரே, அதே பேச்சு. எழுதி முடிச்சதும் உங்க குரலை அழிச்சிருவோமுங்க, எங்க ஆபீஸ்காரங்களைத் தவிர வேற யாரும் கேக்க மாட்டாங்கங்க என்று வாக்குக் கொடுக்கிறார். நீங்க சொன்னா நம்பறேனுங்க என்று சொல்லிவிட்டுக் குப்பாயி அந்தப் பஞ்ச வருஷத்தில் தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறாள். அதை உனக்குக்கூட எழுத மாட்டேன். பையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

கலைச்செல்வியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அழுதேன். அவள் வெகுநேரம் பதிவுகளைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்குள் போகும் முன்பும் பாதையில் தனியாக நின்று, என்ன ஊர், என்ன தேதி, வானம் எப்படி, யார் பதிவது என்று அவரே சொல்லிக்கொள்வார். தகவலை அழிச்சாலும் தகவலைப் பத்தின குறிப்பை அழிக்கக் கூடாதுங்கம்மா, அதுதான் முறை என்றாள். அந்தத் துண்டுகளில் மலைக்காரர் யார் குரலும் இல்லை, அவர் குரல் மட்டும்தான். ஆய்வுத் தலைவரிடம் கேட்டு, அவற்றை ஆவணத்தில் சேர்த்துவிட்டு நமக்கும் ஒரு நகல் கொடுத்தாள். மற்றதையெல்லாம் நானே அழுத்தி அழித்தேன். மறுநாள் குப்பாயி பஸ் ஸ்டாப்பில் பார்த்து, ஏனுங்க, சார் சொன்னாப்ல அழிச்சாச்சுங்களா என்று கேட்டாள். ஆச்சுங்க என்று நிமிர்ந்து நின்று சொன்னேன் ஸ்டெல்லா. அந்தச் சொல்லை அவருக்காகச் சொன்னேன்.

ஒரு துண்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், நீ காலேஜ் விடுமுறைக்கு வந்த நாளில் எடுத்தது. உட்கார்ந்துகொண்டு கேள். அதை ஒரே இடத்தில் வைக்காதே, இன்னும் இரண்டு இடத்தில் போட்டு வை, வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள். வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே, தொப்பியையும் விடாதே. மாதா உன்னை நிழலாய்க் காக்கட்டும். கேட்கும்போது சத்தத்தைக் கூட்டி வை, சாரல் இரைச்சலில் கடைசி வரி மெதுவாக இருக்கிறது. அவர் சொல்வது இதுதான்: "திண்ணனூர் நாடு. சாரல் மழை. பதிவு செய்வது அந்தோணிசாமி. சீக்கிரம் முடிக்கணும், பாப்பா பஸ்ஸுல வந்துட்டிருக்கு."

என்றும் உன் நினைவாக,
அம்மா
மெர்சி அந்தோணிசாமி