ஒய்ரிக் ஓடை

1874 ஜூன் 2
நில அளவைப் படைக் கேப்டன் என்னை என் சொந்தப் பள்ளத்தாக்குக்கே அனுப்பிவிட்டார். "டார்க்கல், உங்க ஊர் கேலிக் பாஷை உனக்குத்தானே புரியும்? ஓடைப் பேரெல்லாம் கேட்டு எழுதிட்டு வா." ஊரார் மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால்தான் பெயர் வரைபடத்தில் ஏறும்.

வெள்ளம் வந்த வருடம் ஊரை விட்டவன் நான். மாடு ஓட்டிவரப் போன என் மனைவி ஒய்ரிக் திரும்பவில்லை. விழுந்ததைப் பார்த்தவர் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. இன்றும் எந்த ஊரிலும் வாளியோடு வருகிற பெண்ணின் முகத்தை இரண்டாவது முறை பார்க்கிறேன்.

ஜூன் 4
பன்றிக்குட்டி ஓடை. பொய்யன் ஓடை — கோடையில் வற்றிவிடுமாம். சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கரும்பாறைக்கு மேற்கே இறங்கும் ஓடையைக் கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்கிறது. மேய்ப்பன் லாக்லன் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தான். "அதுக்குப் பேரெல்லாம் இல்லண்ணே."

பெயரில்லாத ஓடையா? ஆடு வழுக்கிய கல்லுக்கும் பெயர் வைக்கிற ஊர் இது!

ஜூன் 5
அங்கே போனேன். யாரோ மாட்டைக் கூப்பிடுகிற குரல். ஒய்ரிக் இழுத்துக் கூப்பிடுவாளே, அப்படியே. தண்ணீர்தான். தண்ணீர்தானா?

ஜூன் 6
லாக்லன் வீட்டு வாசலில் அவன் மனைவி கேட், மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஏண்டி, துணிய ஒய்ரிக் ஓடையிலயே போட்டுட்டு வந்துட்டியா?" என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊருக்கே தெரியும். தினம் அவ பேரைச் சொல்லித் தண்ணி மொள்றாங்க, துணி தொவைக்கிறாங்க. எனக்கு மட்டும்—

ஜூன் 7
ஒய்ரிக்கின் அம்மா பேஹக் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை, ஓட்ஸ் ரொட்டியை மட்டும் முன்னால் வைத்தார்.

"நீங்க கெளம்பின மறுவாரம் தண்ணி வடிஞ்சுது. கல்லிடுக்குல அவ முக்காடு சிக்கியிருந்துச்சு. முடியோட."

"ஏன் அத்தை எனக்குச் சொல்லி அனுப்பல?"

"எங்கயாச்சும் இருப்பான்னு நம்பிட்டுப் போனீங்க மாப்ள. அந்த நம்பிக்கையையும் நான் புடுங்கணுமா?"

கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 8
எழுதாவிட்டால் வரைபடத்தில் வெறும் கோடு. எழுதினால் அவள் செத்தவள். என் கையாலேயா?

ஜூன் 9
லாக்லன் ஓடையின் பெயரைச் சொன்னான். கேட் அழுதுகொண்டே சொன்னாள். மூன்றாவது ஆள் வேண்டும். அத்தை தாமாகவே வந்து நின்றார். "ஒய்ரிக் ஓடை. எழுத்துப் பிசகாம எழுதுங்க மாப்ள. என் பொண்ணு பேரு."

எழுதினேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 1
வடக்கே வேறு பள்ளத்தாக்கு. தங்கிய வீட்டு அம்மாள் இரவுச் சாப்பாட்டில் கேட்டார், "பொண்டாட்டி ஊர்லயாப்பா?"

"இல்லம்மா. வெள்ளத்துல செத்துட்டா."

அவர் இன்னொரு உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன்.