கழுவிக் கவிழ்த்த தட்டு

இன்று காலை இஸ்திரி போடும்போது, ஈரம் முழுக்கப் போகாத பருத்தித் துணியிலிருந்து அந்த மணம் எழுந்தது. கையில் இருந்தது நீ தைத்த கம்சாத் துண்டு. இந்த ஊரார் தோளில் போட்டுக்கொள்ளும் சிவப்புக் கட்டத் துண்டை வாங்கி, நாலாக வெட்டி, ஓரம் மடித்து, சாப்பிட்டதும் கை வாய் துடைக்க என்று எனக்குக் கொடுத்தாயே, அதில் ஒன்று. சிவப்பு வெளுத்துப்போய்விட்டது. மூலையில் இருக்கும் மஞ்சள் கறை மட்டும் எத்தனை துவைத்தும் போகவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கொல்கத்தாவின் நியூ டவுனில் நம் இருவருக்கும் எதிரெதிர்க் கதவு. நான் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து கணவரோடு வந்தவள். நீ இந்நகரின் மறுகோடியில் இருக்கும் பெஹாலாவில் பிறந்தவள். உன் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கொல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். உன் தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் வங்காளத்துத் ‘தோ’ ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அது இல்லாத தமிழ்தான் ஏதோ குறைந்தது போலக் கேட்டது.

அலுவலக நண்பர்களை முதன்முதலாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்த அன்று, காகிதத் தட்டும் டிஷ்யூவும் வாங்கி மேசையில் வைத்திருந்தேன். உப்பு கேட்க வந்த நீ அதைப் பார்த்தாய். திரும்பிப் போய், உன் வீட்டு எவர்சில்வர் தட்டுகளையும் துணிகளையும் இரு கையிலும் அடுக்கிக்கொண்டு வந்தாய். கழுவ ஆள் கிடையாது, பாத்திரம் தேய்க்கும் மாஷி காலையில்தான் வருவாள் என்றேன்.

“சாப்பிடறவங்களுக்குக் கை இருக்கு தோ,” என்றாய்.

அன்று என் மேலதிகாரி உட்பட எல்லோரும் தொட்டியடியில் வரிசையில் நின்று அவரவர் தட்டைக் கழுவினார்கள். சாப்பாட்டு மேசையில் வாயே திறக்காத ஒருவர் அங்கே நின்றுதான் தன் ஊரைப் பற்றிப் பேசினார். விடைபெறும்போது யாருக்கும் கிளம்ப மனமில்லை.

நீ யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. எதற்கு இவ்வளவு சிரமம் என்று நான் கேட்டபோது மட்டும் ஒரு பதில் சொன்னாய். பைபாஸ் வழியாகப் போகும்போது தெரியும் அந்தக் குப்பை மேட்டைப் பார்த்தால், அதில் உன் வீட்டுத் தட்டு எங்கே கிடக்கிறது என்று கண் தானாகத் தேடுமாம். தேட ஒன்றும் இல்லாமல் இருந்தால் நிம்மதியாம். அவ்வளவுதான். மற்றபடி உன் கவலையெல்லாம் மழைக்காலத்தில் துணி காய்வது பற்றித்தான். தடித்த துணி இந்த ஊர் ஈரத்தில் மூன்றாம் நாள் வீச்சமடிக்கும், கம்சா என்றால் மின்விசிறிக் காற்றே போதும் என்று, நீயே பல துணிகளை வீணாக்கிக் கண்டுபிடித்திருந்தாய்.

பிறகு உன் ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தது. சிகிச்சை தொடங்கியதும் உன்னைப் பார்த்துக்கொள்ளப் பெஹாலாவிலிருந்து உன் அக்கா வந்தாள். தாய் இல்லாத வீட்டில் உன்னை வளர்த்தவள். எந்தக் கிருமியும் அண்டக்கூடாது என்று மருத்துவமனையில் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வந்த மறுநாளே உன் தட்டுகளை எல்லாம் மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு, உறை பிரிக்காத காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை என்று மூட்டையாக வாங்கி அடுக்கினாள். ஒவ்வொரு வேளையும் புதிது பிரிப்பாள். தின்று முடித்ததும் முடிச்சுப் போட்டு வெளியே வைப்பாள். அவள் கைகள் சானிடைசரில் வெடித்துப் போயிருந்தன.

நீ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாய். மருந்தின் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் மதியம் நான் வந்திருந்தபோது, ரசஞ்சோறு ஊறிக் காகிதத் தட்டு நடுவில் தொய்ந்துபோயிருந்தது. நீ அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அக்கா அடுக்களைக்குப் போனதும் மெதுவாகச் சொன்னாய்.

“சாப்பிட்டுட்டுக் கிளம்பறவங்களுக்குத்தான்டி இந்தத் தட்டு. நான் தோ எங்கயும் கிளம்பலை.”

அடுத்த முறை உன்னோடு மருத்துவமனைக்கு வந்தபோது, உன்னையும் அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கேட்டேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்தால் சொந்தத் தட்டே போதும், துணியையும் ஒவ்வொரு வேளைக்கும் துவைத்ததாக மாற்றினால் சரி என்றார் அவர். அக்கா நம்பாமல் இன்னொரு முறை கேட்டாள். அவர் பொறுமையாக இன்னொரு முறை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஸ்டூல் போட்டு ஏறித் தட்டுகளை இறக்கினாள். துணியை வெந்நீரில் போட்டு எடுத்து, இஸ்திரி போட்டு, மூடிய டப்பாவில் வைப்பதை என்னைச் செய்ய விடவில்லை. அன்று மாலை உன் தட்டில் சோறு போட்டபோது அது மேசையில் பட்டு ‘டங்’ என்றது. நீ நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாய். அன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

தட்டை மாற்றியதால் நீ பிழைத்துவிடவில்லை. துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் நடத் தொடங்கியிருந்த நாட்களில் போய்விட்டாய். ஆனால் அதுவரை உன் வீட்டில், உன் தட்டில், உட்கார முடிந்தவரை உட்கார்ந்து சாப்பிட்டாய்.

காரியமெல்லாம் முடிந்தபின் நானும் அக்காவும் உன் வீட்டைக் காலி செய்ய வந்தோம். உங்கள் அத்தையும் வந்திருந்தார். மருந்து, மெத்தை, தலையணை எல்லாம் போயின. பாத்திர ஸ்டாண்டில் இருந்த உன் தட்டையும் டம்ளரையும் பார்த்து, நோயாளி புழங்கியதை வைத்துக்கொள்ளக் கூடாது, அதையும் பையில் போட்டுவிடு என்றார் அத்தை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர் பழகிய முறை. நான் அக்காவைப் பார்த்தேன். கிருமிக்குப் பயந்து தன் கைத்தோலையே உரித்துக்கொண்டவள் அவள்.

அக்கா தட்டை எடுத்தாள். நான் கொண்டுவந்திருந்த பாத்திரத்தைத் திறந்து, உன் தட்டில் தயிர்சாதம் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் சாப்பிட்டாள். கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டு, எழுந்து, கழுவி, ஸ்டாண்டில் கவிழ்த்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“இது அவளோட தட்டு அத்தை. குப்பை இல்லை.”

அத்தை பையைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினார்.

இப்போது அக்கா சில ஞாயிற்றுக்கிழமைகளில் பெஹாலாவிலிருந்து பஸ் மாறி மாறி என் வீட்டுக்கு வருகிறாள். அந்தத் தூரத்துக்கு அரை நாள் போய்விடும், ஆனாலும் வருகிறாள். சேர்ந்து சமைப்போம், சாப்பிடுவோம், அவள் கழுவ நான் துடைப்பேன். உன்னைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. போன முறைதான், முதுகைக் காட்டி நின்றபடி கேட்டாள்: நான் அவளைக் காகிதத்தில் சாப்பிட வைத்தேனே, என்ன நினைத்திருப்பாள்?

நீ என்னிடம் ஒரு முறை சொன்னது என்னிடம் இருந்தது. சமயம் வராமல் அதுவரை சொல்லாமலே வைத்திருந்தேன். அக்காவின் பயத்தைப் பற்றி நான் சற்றுச் சலித்துக்கொண்டபோது நீ என்னை அடக்கிச் சொன்னது அது. அப்படியே சொன்னேன்.

“‘என்னை விட்டுட மனசில்லாமதான்டி அவ இவ்வளவு பயப்படறா’ன்னு சொன்னா, அக்கா.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் ஒரே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வாழைப்பூ கொண்டுவருகிறேன், உரிக்க நேரமாகும், சீக்கிரம் எழுந்திரு என்றாள்.

உன் அக்காவுக்கு இப்போது நானும் ஒரு தங்கை. நாளை ஞாயிறு. சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.